எரிமலைத் தீவில் கடற்கரை விடுமுறை: இளந்தீவா, வயதான தீவா?

பால்கனிக் கதவைத் திறந்தால் கடல். விளம்பரத்தில் போட்டிருந்த படத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கடலுக்கும் எனக்கும் நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்குக் கறுத்த பாறை நின்றது. கொதித்து ஓடிய எரிமலைக் குழம்பு அப்படியே உறைந்து போன பாறை, ஓரமெல்லாம் கத்தி மாதிரி. அதில் இரும்பு ஏணி ஒன்றைப் பொருத்தி, பக்கத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள்: ‘இன்று அலை அதிகம், இறங்க வேண்டாம்.’ நான் தங்கிய நான்கு நாளும் அந்தப் பலகையை யாரும் கழற்றவில்லை. ஹவாயியின் பிக் ஐலண்டில் கோனா பக்கம், நல்ல பெயர் எடுத்த ரிசார்ட் ஒன்றில் நடந்தது இது. கடலோர ரிசார்ட் என்றுதான் சொல்லியிருந்தார்கள். கடலோரம்தான். கடற்கரைதான் இல்லை.

நீச்சல் குளத்தில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் விஷயம் புரிந்தது. நாம் அறையை ஒப்பிடுகிறோம், நட்சத்திரத்தை ஒப்பிடுகிறோம், காலைச் சாப்பாடு உண்டா என்று பார்க்கிறோம். எரிமலைத் தீவுக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது அந்தத் தீவுக்கு என்ன வயது என்பது. மணல் என்ன நிறம், குழந்தை தண்ணீரில் இறங்கலாமா, நெருப்பைப் பார்க்க வாய்ப்பு உண்டா என்ற மூன்று கேள்விக்கும் பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

கடலடியிலிருந்து எழும்பிய புதுத் தீவில் எல்லாமே பாறை. குழம்பு கடலில் விழும்போது சூடும் குளிரும் மோதி, கண்ணாடி மாதிரி நொறுங்கிக் கரிய மணல் உண்டாகிறது. ஆனால் கரை சட்டென்று ஆழத்துக்கு இறங்கிவிடும். அலையைத் தடுக்க எதுவும் இருக்காது. லட்சக்கணக்கான ஆண்டுகள் போகப்போக எரிமலை அடங்குகிறது, தீவு தன் பாரத்தில் மெல்லத் தாழ்கிறது, கரையைச் சுற்றிப் பவளப்பாறை வளர்கிறது. அலை அந்தப் பாறையில் மோதி உடைந்துவிட, உள்ளே குளம் போலத் தண்ணீர் நிற்கிறது. அதைத்தான் லகூன் என்கிறார்கள். பவளத்தையும் சிப்பியையும் கடலும் மீன்களும் அரைத்துப் போட்டதுதான் வெள்ளை மணல். தாழும் தீவைச் சுற்றிப் பவளம் வளையமாக எழுவதை டார்வின் 1842-லேயே புத்தகமாக எழுதிவிட்டார். பசிபிக் தீவான போரா போராவின் படங்களில் பார்க்கும் நீல வளையம் அப்படி வந்ததுதான்.

ஆக, கொதிக்கிற எரிமலையும் குழந்தை விளையாடும் வெள்ளை மணலும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். இரண்டும் வேண்டும் என்பவர் நிறையப் பயணம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்தியப் பெருங்கடலில் ஒரு ஜோடி இருக்கிறது: ரீயூனியன், மொரீஷியஸ். இடையில் சுமார் 200 கிலோமீட்டர், விமானத்தில் முக்கால் மணி நேரம். பூமிக்கு அடியில் இருக்கும் ஒரே சூட்டு ஊற்று பெற்ற பிள்ளைகள் இரண்டும். அதே ஊற்றுதான் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் கறும்பாறைகளைக் கொட்டியது. மொரீஷியஸுக்கு வயது சுமார் 80 லட்சம் ஆண்டு, ரீயூனியனுக்குச் சுமார் 20 லட்சம். அக்காவுக்கும் தங்கைக்கும் முகச்சாயல்கூட ஒத்துப்போகாது.

ரீயூனியனில் இருக்கும் பித்தோன் தெ லா ஃபூர்நேஸ், உலகிலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. உயரம் 2,632 மீட்டர். பெரும்பாலும் ஆளில்லாத பெரிய பள்ளத்துக்குள்ளேயே குழம்பு கொட்டி அடங்கிவிடும் என்பதால் ஊர் மக்கள் அதோடு வாழப் பழகிவிட்டார்கள். எப்போதாவது எல்லை தாண்டும். 1977-ல் பித்தோன் செந்த்-ரோஸ் என்ற ஊருக்குள் வந்த குழம்பு தேவாலயத்தின் வாசலை ஒட்டி வந்து நின்றுவிட்டது. இன்றும் அந்தக் கறுப்புப் பாறை கட்டடத்தைக் கட்டிப்பிடித்தபடி இருக்கிறது. 2007 ஏப்ரலில் சாலையை மூடிக் கடல்வரை ஓடிய குழம்பு, தீவுக்குப் புது நிலமே சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பக்கம் காரில் போனால், சாலையோரம் ஒவ்வொரு குழம்பு ஓட்டத்துக்கும் அதன் ஆண்டை எழுதி வைத்திருப்பதைப் பார்க்கலாம். பழைய ஓட்டத்தில் புதர் மண்டியிருக்கும், புதியதில் சாம்பல் நிறப் பாசி மட்டும்தான்.

சரி, கடற்கரை? மேற்குக் கரையில் லெர்மித்தாஜ் பக்கம் ஒரு பவளத் தடுப்பும் அதற்குள் முழங்கால், இடுப்பளவு ஆழத்தில் லகூனும் உண்டு. அழகான இடம்தான், ஆனால் குறுகலான துண்டு. எத்தாங்-சாலேயில் கறுப்பு மணல், நடுப்பகலில் செருப்பில்லாமல் பத்தடி நடக்க முடியாது. முக்கியமான சங்கதி ஒன்று: 2011-இலிருந்து சுறா தாக்குதல்கள் கூடியதால், லகூனுக்கும் கண்காணிப்பு உள்ள பகுதிகளுக்கும் வெளியே குளிப்பதற்கும் அலைச்சறுக்குக்கும் 2013-ல் தடை போட்டார்கள். கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் அது சம்பிரதாயத்துக்கு வைத்தது இல்லை. ஒரு வாரம் முழுக்கக் கடலிலேயே ஊறிக் கிடக்க நினைக்கிறவருக்கு ரீயூனியன் சரிப்படாது என்பது என் கருத்து. மலை ஏறுகிறவருக்கு அது சொர்க்கம்.

மொரீஷியஸ் நேர்மாறு. கிட்டத்தட்டத் தீவு முழுவதையும் பவளத் தடுப்பு சுற்றி வளைத்திருக்கிறது. எரிமலை தூங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. மிச்சம் இருப்பது கியூர்பிப் ஊரில் மரம் அடர்ந்த த்ரூ ஓ செர்ஃப் என்ற வாய்ப்பள்ளம், சமாரெலில் பல நிறத்தில் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் மண், அப்புறம் லெ மோர்ன் என்ற ஒற்றைக் கரும்பாறை மலை. கங்கா தலாவோ ஏரிகூட ஒரு பழைய எரிமலை வாயில் நிரம்பிய தண்ணீர்தான். நெருப்பை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். ஆனால் தண்ணீரில் இறங்கினால் ஐம்பது மீட்டர் போனாலும் இடுப்பளவுதான், அலையே இல்லை. வயதானவர்களையும் ஆறு வயதுப் பிள்ளையையும் ஒன்றாக அழைத்துப் போக வேண்டியவர் கண்ணை மூடிக்கொண்டு இந்தத் தீவைப் பிடிக்கலாம். ஒன்று, லகூனுக்குள் கடல் முள்ளெலியும் விஷமுள்ள கல்மீனும் உண்டு, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். இன்னொன்று, தெற்கில் கிரி கிரி பக்கம் பவளத் தடுப்பு அறுந்து போகிறது. அங்கே கடல் நேராக வந்து பாறையில் அறையும். பார்க்கலாம், இறங்கக் கூடாது.

(ஒரு சின்ன இடைச்செருகல். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-ல் வெளியிட்ட நோட்டில் தமிழை மூன்றாவது இடத்துக்குத் தள்ளியதால் பெரிய சச்சரவு கிளம்பி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். கையில் அந்த நோட்டை வாங்கியதும் எண்ணாமல் படித்துக்கொண்டு நின்றேன், கடைக்காரர் சிரித்துவிட்டார்.)

இன்னொரு நடைமுறை விஷயம். ரீயூனியன் பிரான்ஸின் ஒரு பகுதி, புழங்குவது யூரோ. ஆனால் அது ஷெங்கன் எல்லைக்குள் வராது, அதனால் ஷெங்கன் விசா கையில் இருக்கிறதே என்று நேரே டிக்கெட் போட்டுவிடாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று முதலில் பாருங்கள். இரண்டு தீவுக்குமே நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், அதிலும் ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம். ரீயூனியன் மலைகளில் அடிக்கிற மழை சாதாரண மழை இல்லை: 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியதுதான் இன்றுவரை உலகச் சாதனை.

அடுத்து ஹவாயி. இங்கேயும் அதே கதைதான், ஆனால் ஒரே நாட்டுக்குள். பிக் ஐலண்டுக்குப் பத்து லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை. வடமேற்கு மூலையில் இருக்கும் கவாயிக்குச் சுமார் 50 லட்சம். கவாயியில் நல்ல மணற்கரைகள் வரிசையாகக் கிடக்கின்றன, எரிமலை ஓய்ந்துவிட்டது. பிக் ஐலண்டில் கிலாவேயா என்ற எரிமலை இன்னும் விழித்திருக்கிறது. 1983-லிருந்து 2018 வரை கிட்டத்தட்ட விடாமல் பொங்கியது. 2018-ல் மட்டும் 700-க்கும் மேற்பட்ட வீடுகளை விழுங்கியது. கபோஹோ விரிகுடா என்று ஒன்று இருந்தது, அதையே நிரப்பிவிட்டது. அதே வெடிப்புதான் பொஹோய்க்கியில் புத்தம் புதிய கறுப்பு மணல் கரையையும் உண்டாக்கியது, படகுத்துறைக்கு வழியே இல்லாமல் மண் மூடிப்போயிற்று. அதற்கு முன்னால் 1990-ல், கைமூ என்ற புகழ்பெற்ற கறுப்பு மணல் கரை குழம்புக்கு அடியில் புதைந்து போனது. இளந்தீவில் கடற்கரை என்பது கடன் வாங்கிய சொத்து மாதிரி, கொடுத்தவனே திருப்பி எடுத்துக்கொள்வான்.

2024 டிசம்பர் 23-ல் கிலாவேயாவின் உச்சிப் பள்ளத்தில் புதிய கட்டம் ஒன்று தொடங்கியது. சில மணி நேரம் நெருப்பு நீரூற்று போலப் பீறிடும், அப்புறம் பல நாள் அமைதி, மறுபடி பீறிடும். சில முறை 300 மீட்டருக்கு மேலும் எழுந்திருக்கிறது. இதற்கு டிக்கெட் வாங்கி வைக்க முடியாது. நான் போனபோது புகையைத்தான் பார்த்தேன். அதைத் தவறவிட்ட வருத்தம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆகவே நெருப்புக்காகவே போகிறவர் கடற்கரை ரிசார்ட்டில் எல்லா இரவுகளையும் கட்டிப் போட்டுவிடாமல், எரிமலைத் தேசியப் பூங்காவை ஒட்டிய வால்கனோ கிராமத்தில் இரண்டு மூன்று இரவு தங்குவது புத்திசாலித்தனம். தீவின் வடமேற்கில் இருக்கும் கோஹாலா கரையிலிருந்து பூங்காவுக்குக் காரில் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். நள்ளிரவில் நீரூற்று தொடங்கினால், அங்கிருந்து கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் பாதி முடிந்துவிடலாம்.

பிக் ஐலண்டில் மணற்கரை வேண்டுமென்றால் கோஹாலாவில் ஹாப்புனா போன்ற சில இடங்கள் உண்டு, வெள்ளை மணல், அகலமான கரை. குளிர்காலத்தில் அலை முரட்டுத்தனமாக வரும். கறுப்பு மணலுக்குப் புனாலுவு. அங்கே குளிப்பதைவிட ஆமை பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள், கிட்டே போகக் கூடாது, தள்ளியே நிற்க வேண்டும். அந்த மணலைக் கையில் அள்ளிப் பார்த்தேன். கடுகைவிடச் சற்றுப் பெரிய மணிகள், வெயிலில் கண்ணாடித் தூள் போல மினுக்கின, விரல் இடுக்கில் ஒட்டவே இல்லை, சரசரவென்று உதிர்ந்தன. அலை பின்வாங்கும்போது அரிசியைச் சுளகில் புடைக்கிற சத்தம். ஒரு பிடியை எடுத்து வர ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் சட்டப்படி அதற்கு இடமில்லை. ஹவாயியிலிருந்து கல்லை எடுத்துப் போய், எரிமலைத் தெய்வமான பெலே தேவியின் சாபத்துக்குப் பயந்து தபாலில் திருப்பி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எரிமலை பொங்கும் காலத்தில் கந்தக வாயு மூட்டமாகக் கிளம்பி, காற்றோடு தீவின் தெற்கைச் சுற்றிக் கோனா பக்கமே வந்து தங்குகிறது. மலையின் மறுபுறம் இருக்கிறோம் என்ற நினைப்பு இங்கே உதவாது.

வயது பார்ப்பது மட்டும் போதுமா என்றால், தெனரீஃப் அதற்கு ஒரு விதிவிலக்கு. ஸ்பெயினின் கனாரித் தீவுகளில் பெரியது. அதன் பழைய பகுதிகளுக்கு ஒரு கோடி ஆண்டுக்கு மேல் வயது, ஆனாலும் சுற்றிலும் பவளத் தடுப்பு இல்லை, இயற்கையான கரைகள் பெரும்பாலும் கறுப்புதான். காரணம் தண்ணீர். குளிர்காலத்தில் 19 டிகிரி அளவுக்கு இறங்கும் கடலில் பவளம் அப்படி மதில் கட்டாது. ஆகவே வயதோடு கடலின் சூட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தெனரீஃப்காரர்கள் இதற்கு ஒரு நேரடி வழி கண்டார்கள்: 1973-ல் சஹாரா மணலைக் கப்பலில் கொண்டு வந்து லாஸ் தெரெசித்தாஸ் கரையில் கொட்டி, முன்னால் அலைத்தடுப்புச் சுவரும் கட்டிவிட்டார்கள். செயற்கைதான். ஆனால் பிள்ளைகளுக்கு அது தெரியாது, பெரியவர்களுக்குக் கவலையில்லை.

எனக்குத் தெனரீஃப் பிடித்ததற்குக் காரணம் வேறு. நெருப்பு இல்லாவிட்டாலும் எரிமலையின் பிரம்மாண்டத்தை உடம்பை வருத்தாமல் காட்டுகிற தீவு அது. தெற்குக் கடற்கரையிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப்பயணத்தில் பழைய எரிமலைப் பள்ளத்துக்குள் நிற்கலாம். அங்கிருந்து கேபிள் கார் 3,555 மீட்டர்வரை ஏற்றி விடுகிறது. தெய்தே என்ற அந்த எரிமலையின் உச்சி 3,700 மீட்டரையும் தாண்டும், கடைசிச் சில நூறு அடிக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தீவில் கடைசியாக வெடித்தது 1909-ல். இதய நோய் உள்ளவர்களும், ஒரு நாளுக்குள் ஸ்கூபா முங்கியவர்களும் அந்த உயரத்துக்குப் போகக் கூடாது. காலையில் முங்கல், மாலையில் மலை என்று திட்டம் போடுகிறவர்கள் ஹவாயியிலும் இதே தவறைத்தான் செய்கிறார்கள்.

பக்கத்துத் தீவான லா பால்மாவில் 2021 செப்டம்பர் 19 முதல் டிசம்பர் 13 வரை வெடிப்பு. புவெர்த்தோ நாவோஸ் என்ற கடற்கரை ஊரைக் குழம்பு தொடவே இல்லை. ஆனால் தரைக்கு அடியிலிருந்து கரியமில வாயு கசிந்துகொண்டே இருந்ததால் ஓட்டல்கள் உட்பட ஊரே இரண்டு ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்தது. வெடிப்பு நின்ற தேதியைப் பார்த்து அறை போடக் கூடாது, கரை திறந்துவிட்டதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

கிரேக்கத்தின் எரிமலைத் தீவான சாண்டோரினியைக் கடற்கரை ரிசார்ட் என்று எண்ணிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். படங்களில் வரும் வெள்ளை வீடுகள் எல்லாம் சுமார் 300 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் இருக்கின்றன. விளிம்பில் இருக்கும் ஃபிரா ஊரிலிருந்து கீழே பழைய துறைமுகத்துக்குக் கிட்டத்தட்ட 600 படி. கடலில் குளிக்க வேண்டுமென்றால் தீவின் மறுபக்கத்துக்குப் போக வேண்டும்: கமாரி, பெரிஸ்ஸா, கறுப்பு மணலும் கூழாங்கல்லும். தண்ணீருக்குள் முதல் நான்கடி வழுக்குப் பாறை. 2025 தொடக்கத்தில் வரிசையாக நிலநடுக்கம் வந்து 10,000-க்கும் மேற்பட்டோர் தீவை விட்டுக் கிளம்பினார்கள். தேனிலவுக்கு இரண்டு இரவு விளிம்பில் தங்கலாம். பிள்ளைகுட்டியோடு ஒரு வாரம் என்றால் என் ஓட்டு அதற்கு இல்லை.

எந்தத் தீவானாலும் எந்தப் பக்கம் தங்குகிறோம் என்பது அடுத்த கேள்வி. நடுவில் உயர்ந்த மலை நிற்பதால் காற்று வரும் பக்கம் மழையும் பச்சையும், மறுபக்கம் வெயிலும் வறட்சியும். பிக் ஐலண்டில் ஹிலோவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதே தீவின் கோஹாலா கரையில் 250 அளவுதான். தெனரீஃபில் வடக்கு பச்சை, தெற்கு வெயில். மொரீஷியஸில் ஜூனிலிருந்து செப்டம்பர்வரை கிழக்குக் கரையில் காற்று பிய்த்து எடுக்கும், மேற்கே போனால் பொறுத்துக்கொள்ளலாம். அதே தரத்து ரிசார்ட் கிழக்கில் மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அறை போடும் முன் நான் இப்போது செய்வது ஒன்றே ஒன்று. செயற்கைக்கோள் படத்தைத் திறந்து ரிசார்ட்டுக்கு எதிரே வெள்ளை நுரைக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். கரையிலிருந்து தள்ளி, நடுக்கடலில் கோடு ஓடினால் பவளத் தடுப்பு இருக்கிறது, உள்ளே குளிக்கலாம். கோடு கரையையே தொட்டுக்கொண்டிருந்து, கரையும் கறுப்பாக இருந்தால் அங்கே இரும்பு ஏணியும் பலகையும்தான்.

போன முறை இதையெல்லாம் கணக்குப் போட்டு ரீயூனியனில் மூன்று இரவு, மொரீஷியஸில் ஆறு இரவு என்று பிரித்துக்கொண்டோம். பெரியவர்கள் இருந்தால் ரீயூனியனை விட்டுவிட்டு ஒன்பதையும் மொரீஷியஸிலேயே வைத்துக்கொள்ளலாம், குறை தெரியாது. எரிமலையை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு: மலையில் மேகம் மூடினால் மறுநாளுக்குத் தள்ளிப்போட இடம் வேண்டும், கடற்கரைக்கு அந்தத் தொல்லை இல்லை. முதல் நாள் எட்டு மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினோம். 2,300 மீட்டர் உயரத்தில், எரிமலைப் பள்ளத்தை எட்டிப் பார்க்கும் பெல்கோம் விளிம்பை எட்டியபோது வெள்ளைத் துணியைப் போர்த்தியது போல ஒன்றுமே தெரியவில்லை. மறுநாள் நாலு மணிக்கே எழுந்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனோம். செவ்வாய்க் கிரகம் மாதிரி கிடந்த மணல் சமவெளியைத் தாண்டி விளிம்பில் நின்றபோது மொத்தப் பள்ளமும் கண்ணுக்கு எதிரே. அடியில் சிறு செம்புக்குவியல் போல ஒரு குட்டி எரிமலை வாய், அதைச் சுற்றிக் கறுப்புக் கம்பளம். ஒன்பதரை மணிக்குள் மேகம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. அப்போதுதான் கார் கார்களாக ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.